ஏழாவது வரிசை, வலது நாலு

அந்த எண்ணெய் ஆலையில் கூலர் என்று சொன்னால் காற்று வாங்குகிற பெட்டியை யாரும் நினைக்க மாட்டார்கள். இடுப்பு உயரத்தில் குறுக்கே படுத்துக்கிடக்கும் இரும்பு உருளை அது. நீளம் ஆறு மீட்டர், இரண்டு கைகளாலும் கட்டிப் பிடிக்க முடியாத வயிறு. உள்ளே விரல் பருமனில் முந்நூறு பித்தளைக் குழாய்கள், இந்த முனையிலிருந்து அந்த முனை வரை. குழாய்களுக்குள் தண்ணீர் ஓடும். குழாய்களைச் சுற்றி உருளையின் வயிற்றுக்குள் கொதிக்கக் கொதிக்க எண்ணெய் ஓடும். ஒன்றை ஒன்று தொடாது, நடுவில் ஒரு மில்லிமீட்டர் பித்தளை இருக்கிறது. அந்தப் பித்தளை வழியாகவே எண்ணெயின் சூடு தண்ணீருக்குப் போய்விடும். எண்ணெய் டப்பாவில் அடைக்கிற பதத்துக்கு ஆறி வெளியே வரும். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். ஆனால் மேனேஜருக்கு மட்டும் பதினோரு மாதமாகப் புரியவில்லை.

மேனேஜர் விற்பனைப் பிரிவிலிருந்து வந்தவர். நல்ல மனிதர்தான், என்ன செய்வது, எதையும் பேசிச் சரிக்கட்டிவிடலாம் என்று நினைப்பவர். அன்று காலை கூலரின் இரண்டு மூடிகளையும் கழற்றி வைத்திருந்தபோதும் அதே நினைப்போடு வந்து நின்றார்.

"ஒழுகுற குழாயை எல்லாம் ரெண்டு பக்கமும் அடைச்சு விட்டுடுங்களேன் ஃபிட்டர். அதுக்கு ஏன் இவ்ளோ யோசனை?"

"அடைக்கலாம் சார். அடைச்ச குழாயில தண்ணி ஓடாது. தண்ணி ஓடலைன்னா அது சூட்டை வாங்காது. முந்நூறு வாசல் வெச்ச வீடு இது. வாசலை ஒவ்வொண்ணா செங்கல் வெச்சு மூடிக்கிட்டே வந்தா உள்ள இருக்குற கூட்டம் எப்படி வெளிய போகும்?"

"தண்ணியைக் கொஞ்சம் வேகமா விட்டா?"

"விடலாம். ஓரளவுக்குக் கேக்கும். அதுக்கு மேல பம்புதான் அழும்."

மேனேஜர் சிரித்தார். ஃபிட்டருக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று மதியத்துக்குள் கூலர் தேறினால் ஆலை ஓடும், தேறாவிட்டால் பூட்டு. தலைமை அலுவலகம் கடிதமாகவே எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டது. புதுக் கூலர் வாங்கித் தருவதில்லை என்றும் அதிலேயே இருந்தது. சோதனை அதிகாரி பத்து மணிக்கு வருவார். அவருடைய கணக்கு கறாரானது: பத்தில் ஒரு பங்கு, அதாவது முப்பது குழாய் வரை அடைபட்டிருக்கலாம். முப்பத்தொன்று என்றால் சான்றிதழ் கிடையாது. ஏற்கனவே இருபத்து நாலு அடைபட்டிருந்தது.

ஃபிட்டரின் கவலை ஆலையோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. கூலரின் அந்த முனையில் அவருடைய மச்சினன் நின்றுகொண்டிருந்தான்.

மனைவியின் தம்பி. பதிமூன்று வருஷத்துக்கு முன் இவர்தான் வேலைக்குச் சேர்த்துவிட்டார். ஒரே வீட்டில் கீழே இவர்கள், மாடியில் அவர்கள். இரண்டு வருஷத்துக்கு முன் வேறொரு பெரிய ஆலையில் மச்சினனைக் கூப்பிட்டார்கள், குடியிருக்க வீடும் சேர்த்து. அவன் வந்து யோசனை கேட்டான். "இந்த ஆலை எங்கடா போயிடப் போகுது? பேசாம கிட. நான் இருக்கேன்ல" என்றார் ஃபிட்டர். அவன் பேசாமல் கிடந்தான். அந்தப் பெரிய ஆலை வேறு ஆளை எடுத்துக்கொண்டது. இப்போது அவனுக்கு நாற்பது தாண்டிவிட்டது, இனி எவனும் கூப்பிட மாட்டான். மூன்று வாரத்துக்கு முன் பலகையில் கடிதம் ஒட்டிய அன்று, படியேறிக்கொண்டிருந்த மச்சினன் நின்று திரும்பி, "நீங்க இருக்கீங்கல்ல மாமா" என்று மட்டும் சொன்னான். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ஒரு வார்த்தைக்கே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது ஃபிட்டருக்கு. இன்று இந்தக் கூலரைத் தேற்றிக் கொடுத்துவிட்டால் சொன்ன சொல் நிற்கும். தேற்றாவிட்டால், ஒருவனின் பிழைப்பைக் கெடுத்தவர் என்ற பெயரோடு அவன் வீட்டுப் படிக்குக் கீழே ஆயுசு முழுக்கக் குடியிருக்க வேண்டும்.

சரி, வேலைக்கு வருவோம். ஓட்டைக் குழாயைக் கண்டுபிடிப்பது இப்படித்தான். எண்ணெயை வடித்துவிட்டு, உருளையின் வயிற்றில் தண்ணீர் நிரப்பி, பிரஷர் ஏற்ற வேண்டும். எந்தக் குழாயில் ஓட்டை இருக்கிறதோ அதற்குள் தண்ணீர் புகுந்து அதன் வாய் வழியாகச் சொட்டும். தண்ணீர் வடியட்டும் என்று உருளையை முன்பக்கம் கொஞ்சம் சாய்த்து வைத்திருப்பதால் சொட்டு முன்முனையில்தான் வரும். பின்முனையில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. ஆகவே முன்முனையில் ஃபிட்டர் பார்த்து எண்ணிச் சொல்வார், பின்முனையில் மச்சினன் அதே குழாயின் மறுவாயில் பித்தளை ஆப்பை வைத்து அடிப்பான். ஒரு பக்கம் மட்டும் அடைத்தால் பிரயோஜனமில்லை, மறுபக்கம் வழியாக ஒழுகிக்கொண்டேதான் இருக்கும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இருவரும் ஆறு மீட்டர் தள்ளி எதிரெதிரே பார்த்து நிற்கிறார்கள். இவருக்கு எது இடதோ அது அவனுக்கு வலது. "ஏழாவது வரிசை, இடது நாலு" என்று இவர் கத்தினால் அவன் மனசுக்குள் திருப்பிப்போட்டு, தன் பக்கத்தில் வலதிலிருந்து நாலாவதை எண்ண வேண்டும். பதிமூன்று வருஷமும் இவர் தன் பக்கத்துக் கணக்கைக் கத்துவார், அவன் திருப்பிக்கொள்வான். ஒருநாளும் தப்பியதில்லை. அதற்குமேல் ஒரு காவலும் இருந்தது. ஆப்பு அடிக்கும் முன் இவர் அந்தக் குழாயின் வாயில் காற்றுக் குழலை வைத்து ஊதுவார், அவன் மறுவாயில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து "வருது" என்று குரல் கொடுப்பான். குரல் வந்தபிறகே சுத்தி எழும்.

குரல் கொடுக்க வேண்டுமென்றால் பேச வேண்டுமே. அங்கேதான் வந்தது வினை.

எட்டரை மணிக்கு ஐந்து குழாய்கள் சொட்டின. ஐந்துதான்! ஃபிட்டருக்கு உயிர் வந்தது. இருபத்து நாலும் ஐந்தும் இருபத்தொன்பது, முப்பதுக்கு ஒன்று பாக்கி. மறுபடி எண்ணினார், மறுபடியும் ஐந்து. கத்தலாம் என்று வாயைத் திறந்தவர் நிறுத்தினார். பம்புகள் நின்றிருந்ததால் கூடம் முழுக்க அமைதி. அந்த அமைதியில் கத்தி, அவன் பதில் சொல்லாமல் நின்றால், சுற்றி நிற்கிற நாலு பேருக்கு முன் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? மூன்று வாரமாக இருவரும் துண்டுச் சீட்டில்தான் வேலை பார்த்தார்கள். சீட்டே எழுதுவோம் என்று தீர்மானித்தார்.

எழுதும்போது அவருக்கு ஒரு நினைப்பு வந்தது. பாவம், அவன் மனசு சரியில்லை. பிழைப்புப் போகுமோ என்று மூன்று வாரமாகத் தூங்காத கண்ணோடு வந்து நிற்கிறான். அவன் எங்கே போய் இடதையும் வலதையும் திருப்பிக்கொண்டிருப்பான்? நாமே திருப்பி எழுதிக் கொடுத்துவிடுவோம், அவனுக்கு வேலை மிச்சம். மச்சினனுக்காக இதுவரை செய்யாத ஓர் உபகாரம். ரொம்பக் கவனமாக, கண்ணை மூடி அந்தப் பக்கம் போய் நின்று பார்த்துக்கொண்டு, ஒவ்வொன்றாக எழுதினார். ஏழாவது வரிசை, வலது நாலு. ஒன்பதாவது வரிசை, வலது இரண்டு. இப்படி ஐந்து.

சீட்டை எடுத்துக்கொண்டு தானே நடந்து போய், மச்சினனின் கருவிப் பெட்டி மேல் வைத்தார். அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. 'திருப்பித்தான் எழுதியிருக்கேன்' என்று ஒரு வாக்கியம் தொண்டை வரை வந்தது. அவன் கழுத்து விறைத்திருந்ததைப் பார்த்துவிட்டு விழுங்கிவிட்டார். முன்முனைக்குத் திரும்பி வந்து காற்றுக் குழலைக் கையில் எடுத்தார்.

"ஊதட்டுமா?"

பதில் இல்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடி, "ஊதட்டுமாடா?"

அதற்கும் பதில் இல்லை. அந்தப் பக்கத்திலிருந்து சுத்திச் சத்தம் கேட்டது. டங், டங், டங். அடிக்க ஆரம்பித்துவிட்டான். ஃபிட்டர் குழலைக் கீழே வைத்தார். கோபம்கூட வந்தது. இருக்கட்டும், அதான் எழுதியே கொடுத்தாயிற்றே என்று தன் பக்கத்து ஐந்து வாய்களுக்கும் ஆப்பை வைத்து அடித்தார். அடித்த அடியில் கொஞ்சம் கோபமும் சேர்ந்து இறங்கியது.

பத்து மணிக்குச் சோதனை அதிகாரி வந்தார். ஒல்லியான மனிதர், அதிகம் பேசாதவர். வயிற்றில் மறுபடி தண்ணீர் ஏற்றினார்கள். பிரஷர் முள் ஏறி நின்றது. அதிகாரி முன்முனையில் குனிந்து டார்ச் அடித்து ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தார். சொட்டு இல்லை. பத்து நிமிஷம் போயிற்று. ஒரு பொட்டு ஈரம் இல்லை. ஆப்புகளை எண்ணினார், இருபத்தொன்பது.

"நல்லா இருக்கு. அரை மணி நேரம் நிக்கட்டும். அப்புறம் அந்தப் பக்கமும் பாத்துட்டு எழுதிடறேன்" என்றார்.

மேனேஜருக்கு 'நல்லா இருக்கு' மட்டும்தான் காதில் விழுந்தது. தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார். போட்ட கையோடு ஒலிபெருக்கியில் ஆலை முழுக்கச் சொல்லியும்விட்டார். டப்பா அடைக்கிற பகுதியிலிருந்து கைத்தட்டல் கேட்டது. தலையில் துணி கட்டிய இரண்டு பெண்கள் கூடத்து வாசல்வரை ஓடிவந்து, "ஃபிட்டர், நீங்க நல்லா இருக்கணும். எங்க அடுப்பை எரிய வெச்சீங்க" என்று சொல்லிவிட்டு ஓடினார்கள். ஃபிட்டருக்குக் கண் கலங்கிவிட்டது. இருநூறு பேர் பிழைப்பு. அதைவிட, அந்தப் பக்கம் நிற்கிற ஒருவன். இன்று சாயங்காலம் படியில் அவன் நின்று ஏதாவது சொல்வான், சொல்லாமல் எப்படி இருப்பான்? பூரித்துப்போய் நின்றார்.

தண்ணீருக்கு இந்தப் பூரிப்பெல்லாம் தெரியாது. அடைபட்டதென்று எல்லோரும் நம்பிய அந்த ஐந்து குழாய்களுக்குள் ஊசித்துளை வழியாக அது புகுந்துகொண்டுதான் இருந்தது. முன்பக்கம் ஆப்பு இருக்கிறது, போக வழியில்லை. மெல்ல மெல்லக் குழாயை நிரப்பி, சாய்மானத்தில் பின்னோக்கி ஏறி, ஆறு மீட்டரையும் கடந்து பின்முனைக்கு வர இருபத்தைந்து நிமிஷம் எடுத்துக்கொண்டது.

முதலில் பார்த்தவன் மச்சினன். ஆப்பு இல்லாத ஒரு வாயிலிருந்து தண்ணீர் வழிந்தது. பிறகு இன்னொன்று. அவன் அடித்த ஐந்து ஆப்புகளும் அதே வரிசைகளின் எதிர்க்கோடியில் பத்திரமாக, காய்ந்துபோய் இருந்தன. கருவிப் பெட்டி மேலிருந்த சீட்டை எடுத்துப் பார்த்தான். பிறகு உருளையைச் சுற்றிக்கொண்டு முன்முனைக்கு நடந்து வந்தான். மூன்று வாரத்துக்குப் பிறகு ஃபிட்டரின் முகத்தை நேராகப் பார்த்தான்.

"மாமா, இதைத் திருப்பியா எழுதினீங்க?"

ஃபிட்டருக்கு முதலில் அவன் பேசியதுதான் காதில் விழுந்தது. என்ன பேசினான் என்பது அடுத்துத்தான் உறைத்தது.

"நீயும் திருப்பிட்டியா?"

அதற்குள் அதிகாரி பின்முனைக்குப் போய்விட்டிருந்தார். டார்ச் வெளிச்சம் அங்கே ஓரிடத்தில் நின்றது.

இனிக் கணக்கு எளிது. ஓட்டைக் குழாய்கள் ஐந்தையும் எப்படியும் இரண்டு பக்கமும் அடைத்தாக வேண்டும். அதுபோக, ஒரு குற்றமும் செய்யாத ஐந்து நல்ல குழாய்கள் பின்பக்கம் ஆப்பு வாங்கிக்கொண்டு செத்துக்கிடந்தன. இருபத்தொன்பதும் ஐந்தும் முப்பத்து நாலு.

"ஆப்பைக் கழட்டிடலாம் சார்" என்றார் ஃபிட்டர். "ஒண்ணே ஒண்ணு கழட்டிக் காட்டறேன், பாருங்க."

அதிகாரி தலையாட்டினார். ஃபிட்டர் முன்முனையிலிருந்து நீளக் கம்பியை ஒரு நல்ல குழாய்க்குள் விட்டார். உள்ளே படிந்திருந்த சுண்ணாம்புப் படிவை உரசிக்கொண்டு கம்பி போயிற்று. அந்தப் படிவு ஒன்று போதும், சூட்டைப் பாதி தடுத்துவிடும், பித்தளைக்குக் கம்பளி போர்த்தியது போல. கம்பியின் நுனி ஆப்பில் முட்டியது. கம்பியின் பின்னால் தட்டினார். மெதுவாக, அப்புறம் கொஞ்சம் பலமாக. அந்தப் பக்கம் ஆப்பு கழன்று தரையில் விழுந்த சத்தம் கேட்டது. எல்லோரும் பின்முனைக்கு ஓடினார்கள். ஆப்பு வந்திருந்தது. வருஷக்கணக்காய்த் தேய்ந்து தாள்போல் ஆகியிருந்த குழாயின் வாய் நீளவாக்கில் கிழிந்திருந்தது. வாயைச் சுற்றித் தகட்டின் இடுக்கிலிருந்து தண்ணீர் கசிந்தது.

இன்னொன்றைக் கழற்றிப் பார்க்க அதிகாரி விடவில்லை. விட்டிருந்தாலும் ஃபிட்டரின் கை எழுந்திருக்காது.

"சார், நாலே நாலு குழாய்தானே அதிகம்?" என்றார் மேனேஜர். பேசிச் சரிக்கட்ட அவருக்குக் கடைசியாக ஓர் இடம் கிடைத்திருந்தது. "முப்பதுன்னு எழுதினா வானமா இடிஞ்சு விழுந்துடும்?"

அதிகாரி ஃபிட்டரைப் பார்த்தார். "நீங்களே சொல்லுங்க. முப்பத்தி நாலு அடைச்சு, மிச்சத்துல இவ்ளோ படிவு வெச்சுக்கிட்டு, எண்ணெய் எந்தச் சூட்டுல வெளிய வரும்?"

ஃபிட்டர் பொய் சொல்லியிருக்கலாம். இருநூறு பேருக்காக ஒரு பொய், யாரும் குறை சொல்லப்போவதில்லை. ஆனால் முப்பது வருஷமாக அந்த உருளையைத் தொட்டுப் பார்த்தே சூடு சொல்லுகிறவர் அவர். எண்ணெய் ஒரு முனையில் நுழைகிறது, தண்ணீர் மறுமுனையில் நுழைகிறது. எதிரும் புதிருமாக ஓடினால்தான் வழி நெடுக எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் சூட்டில் வித்தியாசம் இருக்கும், அந்த வித்தியாசம் இருக்கிறவரைதான் சூடு நகரும். அதற்குப் போக இடம் குறைந்தால் எண்ணெயோடேயே தங்கிவிடும். யார் காலில் விழுந்தாலும் கேட்காது. கொதிக்கிற எண்ணெய் டப்பா அடைக்கிற இடத்துக்குப் போகும், அங்கே தலையில் துணி கட்டிய பெண்கள் கையுறைகூட இல்லாமல் நிற்கிறார்கள்.

"ஆறாது சார்" என்றார்.

அதிகாரி எழுதினார். எழுதும்போது ஒருமுறை பேனாவை நிறுத்தி, "மன்னிச்சுக்கங்க" என்றார். அதைச் சொல்ல வேண்டிய கடமை அவருக்கு இல்லை. மேனேஜர் ஒலிபெருக்கி இருந்த அறைப்பக்கம் நடந்து, வாசலில் நின்று, உள்ளே போகாமல் திரும்பி வந்தார். சொன்னதை மாற்றிச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஆலைக்குள் அப்போதும் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

கூடம் காலியானபிறகு இருவர் மட்டும் இருந்தார்கள். வயிற்றிலிருந்த தண்ணீரைத் திறந்துவிட்டாயிற்று. ஃபிட்டர் ஒரு தலைகீழ் டப்பா மேல் உட்கார்ந்திருந்தார். மச்சினன் கருவிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தான்.

"ஊதட்டுமான்னு கேட்டேனேடா. ரெண்டு தடவை கேட்டேன்."

"கேட்டுச்சு."

"ஒரு 'உம்' கொட்டியிருக்கக் கூடாதா?"

"கொட்டியிருக்கலாம்." அவன் ஸ்பேனரைத் துடைத்தான். துடைத்ததையே மறுபடி துடைத்தான். "எம்மேலயும் தப்புதான். இல்லைங்கல."

"நீ மனசு சரியில்லாம இருக்க, எங்க திருப்பப் போறன்னு நெனச்சேன். உனக்குச் சிரமம் வேணாமேன்னுதான் நானே..."

மச்சினன் கையை நிறுத்தினான். அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் ஃபிட்டருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"பதிமூணு வருஷம் மாமா. ஒரு நாள், ஒரே ஒரு நாள், நான் நிக்கிற எடத்துல இருந்து நீங்க யோசிச்சதே இல்ல. எல்லாத்தையும் உங்க பக்கத்துல நின்னுதான் சொல்வீங்க, நான்தான் திருப்பிக்கணும். வேலையிலயும் சரி, வீட்டுலயும் சரி. அது எனக்குப் பழகிப்போச்சு. அதை நம்பித்தான் கண்ணை மூடிக்கிட்டுத் திருப்பினேன்." பெட்டியை மூடிக் கொக்கியைப் போட்டான். "போயும் போயும் இன்னைக்குத்தானா மாமா உங்களுக்கு என்னை நெனைக்கத் தோணுச்சு?"

மச்சினன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். வாசல்வரை அவன் செருப்புச் சத்தம் கேட்டது, அப்புறம் அதுவும் இல்லை.

சட்டைப்பையில் போன் அடித்தது. மனைவி. யாரோ அவளுக்குக் காலைச் செய்தியை மட்டும் சொல்லியிருந்தார்கள். குரலில் அத்தனை சந்தோஷம்.

"பாஸாயிடுச்சாமே! எனக்கு இப்பதான் மூச்சே வந்துச்சு. சரி, அதை விடுங்க. அவன் உங்ககிட்ட பேசினானா?"

"பேசினான்."

"பேசிட்டானா!" அவள் போனை வாயிலிருந்து எடுத்துவிட்டு மாடிப் பக்கம் பார்த்து, "பேசிட்டானாம்!" என்று தம்பி மனைவிக்குக் கத்தியது கேட்டது. மேலிருந்து யாரோ சிரித்தார்கள். திரும்ப வந்து, "என்ன சொன்னான்? சொல்லுங்களேன், என்ன சொன்னான்?" என்றாள்.